கவி என்ற ஒரு சொல்

மழை விட்ட பிறகும் ஓட்டுக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலை. காதர் மரைக்காயரின் துணிக்கடை மாடியில் என் அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கையிலிருந்த தாளை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, எங்கள் வேதக்கோயிலில் அறிவிப்பு வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்.

“ஏன் அழைத்தாய் கடலே ஏன் அழைத்தாய். என்னை ஏன் அழைத்தாய் கடலே ஏன் அழைத்தாய்.”

நிறுத்தினார். தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

“கடல் பதில் சொல்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பாரோ?” என்றார்.

மாடியில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பாட்டை எழுதியவர் சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்திருந்தார். அவர் சிரிக்கவில்லை. உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நானும் சிரிக்கவில்லை. அந்தப் பாட்டு நிமிர்ந்து நின்றால்தான் எனக்குக் கலியாணம். அது விழுந்துகொண்டிருப்பதை நான் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரிசியும் அறிசியும்

அப்பாவைப் பற்றி முந்தைய வாரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல்லியிருக்கிறேன். இந்த வாரம்தான் முதலில் படிக்கிறீர்கள் என்றால், இவ்வளவு தெரிந்தால் போதும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சரக்குக் கிட்டங்கிக் குமாஸ்தாவாகச் சிங்கப்பூர் வந்தவர். என் அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அப்பா குமாஸ்தா வேலையை விட்டு எங்கள் கோயிலில் உபதேசியார் ஆனார். எங்கள் பாதிரியாரான ஐயர் ஜொகூர்ப் பக்கம் சபைகளைப் பார்க்கப் போயிருக்கும் ஞாயிறுகளில் வேதம் வாசிப்பது, வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. மாசிலாமணி உபதேசியார் என்றால் சிரங்கூன் சாலையில் மாட்டுக்கொட்டில்காரர்களுக்குக்கூடத் தெரியும்.

அவருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று வெண்பா. கோயிலுக்குப் புதிதாக மணி வந்தால் ஒரு வெண்பா, கிணறு வெட்டினால் ஒரு வெண்பா, ஐயர் வீட்டில் குழந்தை பிறந்தால் ஒன்று, அதற்கு ஞானஸ்நானம் கொடுத்தால் இன்னொன்று. மற்ற ஆசை, எந்தச் சொல்லும் அதனதன் இடத்தில் சரியாக இருக்கவேண்டும் என்பது.

தேக்காச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடை இருந்தது. பலகையில் அரிசி என்பதை ‘அறிசி’ என்று எழுதி வைத்திருந்தார்கள். அப்பா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் படியேறி, கடைக்காரரிடம் பணிவாக எடுத்துச் சொல்லிவிட்டுப் போவார். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு முறைத்தார், கடைசியில் பொறுக்க மாட்டாமல் ஒரு மத்தியானம் சாயமும் தூரிகையுமாக ஏணி போட்டு ஏறினார். அவர் எழுதி முடிக்கும்வரை அப்பா வெயிலில் நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் நாடகக் கம்பெனிக்குப் பாட்டெழுதுகிற மனிதர் பெண் கேட்டு வந்தார்.

அழுகையை நிறுத்தாத ஆர்மோனியம்

எங்கள் கோயில் ஆர்மோனியத்துக்கு இந்த ஊர் ஈரம் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒரு மாரிக்காலத்தில் துருத்தித் தோலைக் கரப்பான் தின்றுவிட்டது. வாசிப்பவள் நான்தான். பகலில் கோயில் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம், ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியம், மிச்ச நேரத்தில் அப்பாவுக்குச் சமையல். இருபது வயது தாண்டிவிட்ட பெண்ணுக்கு இனி என்ன வரன் என்று பேசுகிறவர்கள் என் காதில் விழும்படியாகவே பேச ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரு ஞாயிறு, ஐயர் பிரசங்கத்துக்கு எழுந்த பிறகும் ஆர்மோனியத்தில் ஒரு சுரம் நிற்காமல் அழுதுகொண்டே இருந்தது. நான் கட்டையைத் தட்டினேன், குத்தினேன். நிற்கவில்லை. பின்வரிசையிலிருந்து முன்பின் பார்த்திராத ஒருவர் எழுந்து வந்தார். பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத் துண்டை மடித்து உள்ளே செருகினார். அழுகை நின்றது. ஐயர் தலையசைத்துவிட்டுப் பிரசங்கத்தைத் தொடங்கினார்.

அவர்தான் பாக்கியநாதன். தஞ்சாவூர்ப் பக்கம். மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் வாத்தியாராக இருந்து, அது பிடிக்காமல் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, ஆர்மோனியமும் வாசித்துப் பாட்டும் எழுதிக்கொண்டு கப்பலேறி வந்தவர். கம்பெனி இங்கே கொட்டகை போட்டிருந்த மாதங்களில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தார். சனிக்கிழமை பிற்பகல்களில் ஆர்மோனியத்தைச் சரிசெய்து தருவதாக ஐயரிடம் சொன்னார்.

கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற கோயில்குட்டியின் மனைவி வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். நான் ஒவ்வொரு கட்டையாக அழுத்துவேன், அவர் உள்ளே பார்ப்பார். பேச்சு முதலில் துருத்தியைப் பற்றி இருந்தது. பிறகு சொற்களைப் பற்றி ஆனது. தாம் எழுதிய வரியைச் சொல்லி, “இது நாக்குல எங்கயாவது தடுக்குதா, டீச்சரம்மா?” என்று கேட்பார். அதுவரை எனக்கு எல்லாரும் சொல்லித்தான் கொடுத்திருந்தார்கள். எனக்கு எப்படிப் படுகிறது என்று ஒருவர் கேட்டு, நான் சொன்னதற்காக ஒரு வரியை மாற்றியும் எழுதியது அதுதான் முதல் தடவை. மாற்றிய வரி நன்றாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது ரோச்சோர் வாய்க்கால் நாற்றம்கூட எனக்குத் தெரியவில்லை.

அவர் அப்பாவிடம் முறையாகவே கேட்டார். அப்பாவும் நியாயமாகவே பேசினார். சொத்து இல்லையே என்று சொல்லவில்லை. உற்றார் உறவினர் இல்லாமல் வந்த ஆளாயிற்றே என்றும் சொல்லவில்லை. கம்பெனியை விட்டுவிட்டு இந்த ஊரிலேயே ஒரு வேலை பார்த்துக்கொள்வதாக அவர் சொன்னதை ஒப்புக்கொண்டார். கடைசியாகத்தான் கேட்டார், நாடக நோட்டீசில் உம்முடைய பெயருக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது என்று.

“கவி பாக்கியநாதன்னு போட்டிருக்காங்க ஐயா.”

“அதை எடுத்துடும். பாட்டுக்காரர்னு போடச் சொல்லும். நாளைக்கே பேசி முடிச்சிடலாம்.”

“நான் எழுதுறது கவிதான் ஐயா.”

அவ்வளவுதான். அங்கேயே எல்லாம் நின்றுபோயிற்று. செய்யுள் தன் காலில் நிற்கும், பாட்டுக்கு மெட்டு என்று ஓர் ஊன்றுகோல் வேண்டும், அதைப் பிடுங்கிவிட்டால் படுத்துவிடும் என்றார் அப்பா. பிடுங்கித்தான் பாருங்களேன் என்றார் இவர். மரைக்காயர் கடை மாடியில் மாதம் ஒருமுறை தமிழ் படித்தவர்கள் கூடுவது வழக்கம். அங்கே மெட்டில்லாமல் ஒரு பாட்டை வாசித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

அன்று இரவு சாப்பாடு போடும்போது, ஒரு சொல்லுக்காகவா இவ்வளவும் என்று அப்பாவிடம் கேட்டேன். பெயருக்கு முன்னால் பொருந்தாத சொல்லை வைத்துக்கொள்ளக் கூசாதவன் வேறு எதற்குக் கூசுவான் என்று திருப்பிக் கேட்டார். சரி, அடுத்த சனிக்கிழமை இவரிடம், நீங்களாவது விட்டுக்கொடுக்கக் கூடாதா என்றேன். “விட்டுக்கொடுத்தா உங்க அப்பா எனக்குப் பொண்ணு தருவார். ஆனா மதிக்க மாட்டார்” என்றார். இரண்டு பேர் மேலும் எனக்கு ஒரே அளவு கோபம் வந்தது.

பாட்டு நடந்து வந்த வழி

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்சார டிராம் வந்த புதிது அது. கம்பெனி கொட்டகை போட்டால் டிராமில் நிற்க இடம் இருக்காது. துறைமுகத்துக் கூலிகள், செங்கல் சூளைக்காரர்கள், செட்டியார் கடைப் பையன்கள் எல்லாரும் போவார்கள். உபதேசியார் மகள் போக முடியுமா? நான் ஒரு நாடகமும் பார்த்ததில்லை. ஆனால் எல்லாப் பாட்டும் எனக்குத் தெரியும். வாய்க்கால் ஓரம் துணி துவைக்கிறவர்கள் அடித்துத் துவைக்கிற தாளத்துக்கு அதைப் பாடுவார்கள். பால்காரர் எங்கள் வாசலில் செம்பை வைத்துவிட்டு, பாதி வரியோடு அடுத்த வீட்டுக்குப் போவார். மீதி வரி அந்த வீட்டில் கேட்கும்.

மரைக்காயர் மனைவி ரஹ்மத் பீவிக்கும் அப்படித்தான். பினாங்கில் பிறந்து வளர்ந்தவர்கள், தாய் வழியில் மலாய்க்காரர்கள். எழுத்து வாசனை கிடையாது. வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் கூடவே பாட்டும் திறந்துகொள்ளும். ‘ஏன் அழைத்தாய் கடலே’ பாட்டைத் தினம் ஒரு தரமாவது பாடுவார்கள். கணவனைத் தேடிக் கப்பலேறிய ஒரு ராணி, நடுக்கடலில் நின்று பாடுவதாக நாடகத்தில் வருமாம். கொட்டகையில் அந்த இடத்தில் ஆம்பிளைகள் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள் என்று பீவியின் தம்பி வந்து சொன்னாராம். கொட்டகைக்குள் இருந்தவர்களில் கப்பலேறி வராதவர் யார்?

அந்தப் பாட்டைத்தான் இவர் வாசிக்கக் கொடுத்தார். ஊரே அழுத பாட்டு, அப்பா மட்டும் எப்படித் தப்பிப்பார் என்று நினைத்திருக்கலாம்.

மறுபடியும் மாடி

சிரிப்பு அடங்கியதும் அப்பா மேலே வாசித்தார். மெட்டில்லாமல் கேட்டபோது, பல்லவி திரும்பத் திரும்ப வந்து, கதவைத் தட்டிவிட்டுப் போகாமல் நிற்கிற ஆளைப் போல இருந்தது. எனக்கே தாங்கவில்லை. பிறகு சரணம் வந்தது.

“கரையில் விட்டுவந்த பேரையெல்லாம்
அலையில் எழுதி எழுதி அழிப்பதற்கோ.”

இங்கே அப்பா நிறுத்தினார். கண்கள் அதே வரிகளை மறுபடி ஒருமுறை மேய்ந்தது தெரிந்தது. பிறகு தாளை மடித்தார். பாட்டு நன்றாக இருக்கிறது, பாடினால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் இது செய்யுள் அல்ல என்று தீர்ப்புச் சொன்னார். கூடியிருந்தவர்கள் ஆமோதித்தார்கள்.

திரைக்குப் பின்னால் என் பக்கத்தில் இருந்த ரஹ்மத் பீவி என் முழங்கையில் இடித்தார்கள். “சொல்லுலா, புள்ளே. நீ வாய மூடிக்கிட்டு இருந்தா நட்டம் உனக்குத்தான்.”

எனக்கு என்ன துணிச்சல் வந்ததோ, திரையை விலக்கி நிலைப்படியில் நின்றேன். ஆண்கள் கூட்டத்தில் அதுவரை பேசியதில்லை.

“அப்பா, உங்க வெண்பா ஒண்ணையும் இதே மாதிரி வாசிங்களேன். அறிவிப்பு வாசிக்கிற குரல்ல.”

அதிலென்ன என்று அப்பா உடனே ஆரம்பித்தார். கோயில் மணிக்கு எழுதிய வெண்பா. முதல் சீர் அறிவிப்புக் குரலில் வந்தது. இரண்டாவது சீரில் குரல் லேசாக எழும்பியது. முதல் அடி முடிவதற்குள் வழக்கமான ராகத்தில் இழுத்துக்கொண்டிருந்தார். நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் அடிவரை போய்விட்டார். ஈற்றடியில் குரல் தானாகவே ஊஞ்சல் ஆடிவிட்டது. மரைக்காயர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “உபதேசியாரே, உங்க வெண்பாவும் ஊன்றுகோல் வெச்சிருக்கு போலிருக்கே.”

அப்பா கோபிக்கவில்லை. அவரிடம் எனக்கு எப்போதும் பிடித்தது அதுதான். தாளை மடியில் வைத்துக்கொண்டு, முதல் அடியைத் தமக்குள் மறுபடி முணுமுணுத்துப் பார்த்தார்.

“ராகத்தை நான் கொண்டு வரல. சொல்லு அதைக் கூட்டிட்டு வருது. மெட்டே தெரியாதவன் கையில கொடுத்தாலும் கூட்டிட்டு வரும். தம்பி, உம்ம பல்லவி எதையும் கூட்டிட்டு வரலையே.”

பாக்கியநாதன் எழுந்து நின்றார். சண்டை போடுவார் என்று நினைத்தேன்.

“பல்லவி தாள்ல செத்துத்தான் கிடக்கு ஐயா. இன்னைக்கு நீங்க வாசிக்கும்போதுதான் நானே பார்த்தேன். மேடையில பாடுறவங்க முதல் தரம் கோவமாக் கேப்பாங்க. அடுத்த தரம் கெஞ்சுவாங்க. கடைசியில அது கேள்வியாவே இருக்காது. அவங்களுக்காக அந்த இடத்தைக் காலியா விட்டு வெச்சேன்.”

“காலி இடத்தைக் கவின்னு சொல்ல முடியாதே.”

“சொல்லலாம்னுதான் நான் நினைக்கிறேன்” என்றார் இவர், குரலை உயர்த்தாமல்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் கோயிலில் நடக்கும் அறுப்பின் பண்டிகை முடிந்ததும் கம்பெனி பினாங்குக்கும் அங்கிருந்து ரங்கூனுக்கும் புறப்படுகிறது, தாமும் அதோடு போய்விடுவதாக மரைக்காயரிடம் சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

ஆண்டவர் தந்த பலகணி

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் புதுப் பாட்டு ஒன்று வேண்டும் என்று ஐயர் அப்பாவைக் கேட்டார். சபையார் எல்லாரும் சேர்ந்து பாடுகிற மாதிரி இருக்கவேண்டும். வெண்பாவைச் சபையார் சேர்ந்து பாட முடியாது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு அப்பா எழுதினார். எதுகை, மோனை, இலக்கணம் எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது.

என் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ‘பல கனி தந்தாய் பரனே’ என்று ஒரு வரி. மெட்டில் போட்டுப் பாடியதும் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டன. பிள்ளைகளுக்கு ரெண்டு சுழி மூணு சுழி எல்லாம் ஒன்றுதான். ‘பலகணி தந்தாய் பரனே’ என்று உற்சாகமாகப் பாடினார்கள். அந்தப் பக்கமாக வந்த ஐயர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, ஜன்னலுக்காக எதற்கு இவ்வளவு நன்றி என்று என்னைக் கேட்டார்.

அப்பா அதை மாற்றினார். அடுத்த அடியில் மூச்சு பாதிச் சொல்லில் முறிந்தது. அதையும் மாற்றினார். இப்போது ‘நெற்கதிர்’ நாக்கில் சிக்கிக்கொண்டது. நாள்கள் போயின. எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார், சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு கோயிலுக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நீயே பாடிக் காட்டு என்றார். பாடினேன். எங்கே தடுக்கிறது என்று கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டார். எழுந்து போகும்போது, இது லேசான வேலை என்று நினைத்திருந்தேன் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் உச்சி வெயிலில் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நோயாளி யாரையோ பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் போன இடம் நாடகக் கொட்டகை. நடந்ததை என் கணவர் பிற்காலத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அன்றைய ஒத்திகைக்காக ராணி வேஷம் பாதி போட்டுக்கொண்டு மீசையோடு உட்கார்ந்திருந்த நடிகர் முதலில் எழுந்து நின்றாராம். அப்புறம் எல்லாரும் எழுந்தார்களாம். அப்பா கோயிலுக்குப் போகிற பழக்கத்தில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்திருக்கிறார்.

“தம்பி, ஒரு சொல் தகராறு பண்ணுது. வந்து பார்க்க முடியுமா?”

அன்று பிற்பகல் முழுவதும் கோயிலில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் வாசித்தேன், அவர்கள் சண்டை போட்டார்கள். ‘கனி பல தந்தாய்’ என்று இரண்டு சொல்லை இடம் மாற்றிப் போட்டு ஜன்னலைச் சாத்திவிட்டார் இவர். அப்பா அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்றார். இவர் மெட்டை நிரப்புவதற்கு ‘அந்த’, ‘இந்த’ என்று போட்ட இடத்தையெல்லாம் அப்பா விடவில்லை. வேலை செய்யாத சொல்லுக்கு இங்கே இடமில்லை என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிடுங்கிய இடத்தில் வேறு சொல் வைக்க இவருக்கு வியர்த்தது. வைத்தபோது வரி நிமிர்ந்தது.

பிறகு நெல்லும் கரும்பும் வந்தன. இந்த ஊரில் நெல் அறுத்தவர் எங்கள் சபையில் ஒருவரும் இல்லையே, பண்டிகைக்கு எல்லாரும் கொண்டு வருவது அன்னாசியும் வாழையும்தானே என்றார் இவர்.

“அன்னாசியைச் செய்யுள்ல வெச்சவங்க யாரும் இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல” என்றார் அப்பா.

“அப்ப நீங்கதான் முதல் ஆளு ஐயா.”

அப்பா உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரியும். பாக்கியநாதன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி சொன்னார்.

“அன்னாசி முள்ளுக்குள் தேனை வைத்தாய்.”

வெளியே மாட்டு வண்டி ஒன்று கடகடவென்று போய் ஓய்ந்தது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல்கள் ஆர்மோனியப் பெட்டியின் மேல் தாளம் போட்டன.

“அந்நிய மண்ணில் எம் வேரை வைத்தாய்” என்றார்.

அதைச் சொல்லவில்லை, பாடினார். அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் துருத்தியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். இவர் குனிந்து அந்த வரியை எழுதிக்கொண்டார்.

பண்டிகை அன்று கோயில் முழுவதும் அன்னாசி வாசம். டுரியானை மட்டும் ஐயர் வெளியே மரத்தடியில் வைக்கச் சொல்லிவிட்டார். மரைக்காயர்கூட வந்து ஜன்னலுக்கு வெளியே குடையோடு நின்றார். முதல் தரம் பிள்ளைகள் மட்டும் பாடினார்கள். இரண்டாம் தரம் பின்வரிசையில் இருந்த துறைமுகத்து ஆட்கள், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ‘அந்நிய மண்ணில்’ வந்தபோது சேர்ந்துகொண்டார்கள். கனமான குரல்கள். தரைப் பலகை அதிர்ந்தது. மூன்றாம் தரம் எனக்கு ஆர்மோனியச் சத்தமே கேட்கவில்லை.

ஆராதனை முடிந்து எல்லாரும் பழக்குவியலைச் சுற்றிக் கூடியபோது, அப்பா பாக்கியநாதனைத் தனியே கூப்பிட்டார். நான் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே வாழைச்சீப்பை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“பொண்ணைத் தரேன். அந்தச் சொல்லைத் தரல.”

பாக்கியநாதன் யோசித்தார். அந்த நேரத்திலும் யோசித்தார்!

“பொண்ணு போதும் ஐயா” என்றார்.

ஓலை

எங்கள் சபையில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று ஐயர் சபைக்கு முன் கேட்பார். பெயருக்கு முன்னால் ஒன்றும் போடவேண்டாம், வெறும் பாக்கியநாதன் என்றால் போதும் என்று அப்பாவும் இவரும் பேசி வைத்திருந்தார்கள். கம்பெனி இவரை விட்டுவிட்டுப் பினாங்குக்குப் போய்விட்டது. மரைக்காயர் தமக்குத் தெரிந்த அச்சுக்கூடத்தில் எழுத்துப் பிழை பார்க்கிற வேலை வாங்கிக்கொடுத்திருந்தார். அந்த வேலையில் அப்பாவுக்குத் தனி மகிழ்ச்சி.

இவர்களுடைய சண்டையும் சமாதானமும் ஐயருக்கு எப்படித் தெரியும்? பாதி நாள் ஜொகூரில் இருக்கிறவர். ஊர்ச் சுவர்களில் ஒட்டியிருந்த நோட்டீசில் பார்த்த பெயர்தான் அவர் மனதில் இருந்தது. முதல் ஞாயிறு அப்படியே வாசித்துவிட்டார்.

“தஞ்சாவூர் காலஞ்சென்ற ஆசீர்வாதம் குமாரன் கவி பாக்கியநாதனுக்கும், நமது சபை மாசிலாமணி உபதேசியார் குமாரத்தி எஸ்தருக்கும்...”

ஐயர் தடை கேட்டார். அப்பா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். கடைப் பலகையில் ஒரு எழுத்துத் தப்பாக இருந்தால் பொறுக்காத மனிதர். பின்னால் பலகை கிரீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். பாக்கியநாதன் பாதி எழுந்துவிட்டிருந்தார், தாமே தப்பைச் சொல்லிவிடலாம் என்று. அப்பாவும் திரும்பி அவரைப் பார்த்தார். இவர் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அப்பாவைக் கேட்டேன், ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று.

“ஐயர் கேட்டது கலியாணத்துக்குத் தடை உண்டான்னு. எழுத்துப் பிழை உண்டான்னு கேக்கலையே.”

அடுத்த வாரம் திருத்திவிடச் சொல்லலாமே என்றேன். மூன்று வாரமும் ஒரே மாதிரி வாசிப்பதுதான் முறை என்றார். அப்படி ஒரு முறை இருப்பதாக நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை.

பாட்டு இலக்கியமா என்று இன்றைக்கும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். கணவர் எழுதியவற்றில் தாளில் செத்துக் கிடக்கிறவையும் உண்டு, தாளை விட்டு எழுந்து நடக்கிறவையும் உண்டு. அப்பாவின் வெண்பாக்களிலும் இரண்டும் உண்டு. இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்பா என்ன நினைத்தார் என்று கேட்டால், அவர் கடைசிவரை வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. மூன்றாம் ஞாயிறு நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அதற்குள் ஐயர் காதில் யாரோ விஷயத்தைப் போட்டிருக்க வேண்டும். ‘கவி’ என்ற இடத்தில் குரல் ஒரு கணம் தயங்கியது. வாசித்து முடித்து, தடை உண்டா என்று கேட்டுவிட்டு, அடுத்த அறிவிப்புக்குப் போகாமல் வழக்கத்தைவிட அதிக நேரம் காத்திருந்தார். சபையே முன் வரிசையைப் பார்த்தது. யாரோ இருமினார்கள். அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“மேலே வாசிங்க ஐயா” என்றார்.